சாமி விளக்கைக் கழற்றிய மாலை

நான் கதை கட்டுகிறவன் அல்ல. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் பாமசி வைத்திருக்கிறேன். பிரஷர் குளிசையும் இருமல் பாணியும் விற்கிறவனுக்குப் பேயைப் பற்றி யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. காலையும் மாலையும் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். பொய் சொன்னால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது. ஆகவே நீங்கள் பயப்படுவதற்காக இதை வாசித்தாலும் பரவாயில்லை, நான் நடந்ததைத்தான் எழுதுகிறேன். என்னோடு ஜவ்பர் என்ற இன்னொரு மனிதரும் நின்றார். அவரும் பார்த்தார். அன்றிலிருந்து பொழுது பட்ட பிறகு அவர் எந்த வாகனத்தின் பின் கதவையும் திறப்பதில்லை.

எல்லாம் ஒரு பட்டரியில் தொடங்கியது.

என் மகள் லக்சனா தலைப்பிள்ளைக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகன் கட்டாரில் வேலை. அவளுக்குப் பிரஷர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பிரசவ நோ கண்டால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அந்த நிமிடமே கொண்டு வாருங்கள் என்று டொக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஓட்டோ பிடிக்கலாம். அம்புலன்சுக்கு அடிக்கலாம். ஆனால் மாரிகாலம். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கை ஒரு மழைக்கே முழங்கால் தண்ணீரில் கிடக்கும். வாசலில் சொந்தமாக ஒரு வாகனம் நின்றால்தான் தனக்கு நித்திரை வரும் என்று என் மனைவி புஷ்பவதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் இராகுலன் தன்னுடைய காரைத் தருவதாகச் சொன்னார்.

இராகுலன் எங்கள் கோயிலடி ஆள். என்னைவிடப் பத்து வயது இளையவர். அன்னதானம் என்றால் கிடாரத்துக்குத் தோள் கொடுக்க முதலில் வருவார். புஷ்பவதிக்கு ஒப்பரேஷன் நடந்தபோது, நான் கேட்காமலே வந்து இரத்தம் கொடுத்துவிட்டு, ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனவர். ஒருவருக்கொருவர் செய்கிற இப்படியான சின்ன உபகாரங்களில்தான் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கைக்கு ஓர் ஆளைக் காட்டு என்று யாராவது கேட்டிருந்தால், இராகுலனைத்தான் காட்டியிருப்பேன்.

அவரை நினைத்தால் ஒரு விடியற்காலைதான் எனக்கு ஞாபகம் வரும். போன மார்கழி, திருவெம்பாவை நாட்கள். மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. சங்கை ஊதி, சேமக்கலத் தட்டை அடித்தபடி நாங்கள் கோயில் வீதியில் நின்றோம். இராகுலன் காரில் வந்து அதை மகிழ மரத்தின் கீழே விட்டார். உடுப்பு நனைந்திருந்தது. இரவு புல்மோட்டையிலிருந்து வந்ததாகவும் நித்திரையே கொள்ளவில்லை என்றும் சொன்னார். வாழையிலை எடுப்பதற்காக நான் அவருடைய காரைத் தாண்டிப் போனபோது உள்ளே ர்ர்ர்… ர்ர்ர்… என்று ஒரு போன் அதிர்ந்தது. கண்ணாடிகளில் நீராவி போலப் புகார் படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

"இராகுலன், உம்மட வாகனத்துக்குள்ள போன் அடிக்குதப்பா" என்றேன்.

"அது கிடக்கட்டும் அண்ணை. சாமி நேரத்தில போன் என்னத்துக்கு?" என்றார்.

பூசை முடிந்து, பொங்கல் பரிமாறி, கடைசிப் பந்தி எழும்பும்வரை அவர் காரடிக்குப் போகவே இல்லை. எவ்வளவு பக்தி என்று நினைத்தேன். போனும் கையுமாகக் கோயிலுக்கு வருகிற இளம் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைப் பல தடவை புத்திமதியாகச் சொல்லியுமிருக்கிறேன்.

இந்த ஐப்பசியில் காரைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டார்.

"பிள்ளைக்கு அவசரத்துக்கு உதவும் அண்ணை. வேறை ஆக்களுக்குக் குடுக்க எனக்கு மனமில்லை. உங்கட கையிலதான் இது நல்லா இருக்கும்."

சொல்லும்போது அவருடைய கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது.

முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார். காலடியில் சிவப்பு விளக்கு. பலர் இப்படிப் பூட்டுவதுண்டு. வாகனத் திறப்பைப் போட்டுத் திருப்பினால் எரியும், எடுத்தால் நின்றுவிடும். இது அப்படியல்ல. பட்டரியிலிருந்தே தனி வயர் இழுத்திருந்தது. அணைக்க ஆளி கிடையாது. இரவும் பகலும் எரிந்தது.

"இதை மட்டும் கழட்டிப்போடாதேங்கோ. சாமி விளக்கு. எப்பவும் எரியட்டும்."

சாமி விளக்கை நான் ஏன் அணைக்கப் போகிறேன்? புஷ்பவதி நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, திருநீறு பூசி, தேங்காய் உடைத்தாள். லக்சனாவைப் பின் இருக்கையில் ஏற்றிக் கோயிலுக்கு ஒரு சுற்றுப் போய் வந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் கார் எடுபடவில்லை.

டிக்… டிக்… டிக்…

பக்கத்து வீட்டு வானிலிருந்து வயர் கொடுத்துத்தான் எடுத்தோம். பட்டரி பழசாக்கும் என்று புதிது வாங்கிப் போட்டேன். அதுவும் இரண்டாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. மழையில் நின்று அந்த டிக் சத்தத்தைக் கேட்கும்போது, யன்னலால் லக்சனா வயிற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

சீனக்குடா ரோட்டில் ஜவ்பரின் கராஜ் இருக்கிறது. கிண்ணியா ஆள். வாகன வயரிங்கில் கெட்டிக்காரர், வாயிலும் கெட்டிக்காரர். காரைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"பட்டரி புதுசு. ஓடக்குள்ள டைனமோ வடிவா ஏத்துது. ராவில கரண்டைக் குடிக்கிற ஒரே ஆள் இவர்தான் ஐயா" என்று பிள்ளையாரைக் காட்டிச் சிரித்தார்.

"சாமியைப் பகிடி பண்ணாதையும் தம்பி."

"நான் ஏன் பகிடி பண்ணுற? அவர் குடிக்கிறது ஒரு சொட்டு. அதுக்குப் புதுப் பட்டரி சாகாது. உங்கட சாமியில பிழையில்ல எண்டுதான் சொல்ற."

திறப்பை எடுத்து, எல்லாவற்றையும் நிற்பாட்டி, பட்டரியின் ஒரு வயரைக் கழற்றி, இடையில் மீற்றரைப் போட்டார். வாகனம் சும்மா நிற்கும்போது எவ்வளவு கரண்ட் ஒழுகுகிறது என்று அதில் தெரியுமாம். பத்து நிமிடம் இருவரும் அந்த இலக்கத்தையே பார்த்தபடி நின்றோம். ஆகச் சிறிய இலக்கம். அசையவே இல்லை.

"வாகனம் நல்லா நித்திரை கொள்ளுது. ஒரு குறையும் இல்ல" என்றார்.

பிறகு பின் இருக்கையடியைப் பார்க்கக் குனிந்தவர், "ஐயா, கடற்கரைக்குப் போனீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் ஸ்குரூ டிரைவரை என் முன்னால் நீட்டினார். அதன் நுனி காந்தம். நுனியில் கறுப்பு மணல் மீசை போல ஒட்டிக்கொண்டு நின்றது.

"நம்மட பக்கத்து மணல் இப்படி ஒட்டாது. இது புல்மோட்டைப் பக்கத்து இரும்பு மணல்."

அந்த மணலை எனக்குத் தெரியும். புஷ்பவதி அதை இரண்டு தடவை கூட்டி எறிந்திருந்தாள். "ஆர் இந்தக் காலோட ஏறுறது?" என்று என்னைத்தான் ஏசினாள். கூட்டிய அடுத்த காலையில் அது திரும்ப வந்திருந்தது. எப்போதும் பின் இருக்கையின் இடப்பக்கம். அந்த இடத்துத் துணியும் காலையில் ஈரமாக இருக்கும். கண்ணாடி எல்லாம் மூடித்தான் இருக்கும். கூரையில் ஒழுக்கும் இல்லை. ஒருநாள் அந்தப் பக்கக் கண்ணாடியில் மட்டும் புகார் படிந்திருந்தது. நடுவில் ஒரு வட்டம் துடைத்தது போலத் தெளிவாக இருந்தது. யாரோ நெற்றியை வைத்து வெளியே பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

நான் வெளியில் நின்று அதைக் கையால் துடைத்தேன். அழிபடவில்லை. அது உட்பக்கம்.

அன்று இராகுலனுக்குப் போன் எடுத்தேன். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தார்.

"இராகுலன், இந்தப் பட்டரி…"

"விளக்கு எரியுதுதானே அண்ணை?"

நான் பட்டரியைக் கேட்கிறேன். அவர் விளக்கைக் கேட்கிறார்.

"ஓம், எரியுது."

"பின்னுக்கு ஆரும் இருக்கிறவையோ?"

"லக்சனாதான். கிளினிக்குக்குப் போகேக்க."

அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"சாமி காப்பாத்துவார் அண்ணை" என்றுவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைக் கோயிலில் காணவில்லை.

அடுத்த முறை கராஜுக்குப் போனபோது ஜவ்பர் ஒரு யோசனை சொன்னார். "பகல்ல குடிக்கல்ல. அப்ப இருட்டினாப் பிறகுதான் குடிக்குது. நான் மஃரிப் தொழுதிட்டு உங்கட ஊட்டுக்கே வாறன். நிண்டு பிடிப்பம்."

கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை. மழை. பொழுது பட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஜவ்பர் மழைக் கோட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. லக்சனா உள் அறையில் படுத்திருந்தாள். புஷ்பவதி அவளுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கார் கொட்டகையில் நின்றது. பொனட்டைத் திறந்து மீற்றரைப் போட்டோம். சின்ன இலக்கம். பகலில் பார்த்த அதே இலக்கம்.

"முதல்ல விளக்கைக் கழட்டிப் பாப்பம் ஐயா. சந்தேகம் தீரட்டும்."

எனக்கு மனமில்லை. எப்பவும் எரியட்டும் என்ற இராகுலனின் குரல் காதில் நின்றது. ஆனால் யன்னலுக்குள்ளே என் பிள்ளை முனகுவதும் கேட்டது. பிள்ளையாரே, பிழை என்றால் என்னோடு போகட்டும் என்று கும்பிட்டு, சிலையை என் கையாலேயே எடுத்துக்கொண்டு போய் வீட்டுச் சாமி அறையில் வைத்தேன். ஜவ்பர் வயரைக் கழற்றினார்.

சிவப்பு வெளிச்சம் போனது. காருக்குள் இருட்டு.

நான் திரும்பி வந்தபோது ஜவ்பர் மீற்றரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா… விளக்கைக் கழட்டினா இது குறையணும்."

"குறையேல்லையோ?"

"கூடுது."

பார்த்தேன். இலக்கம் ஏறிக்கொண்டிருந்தது. மெதுவாக. யாரோ வந்து, கதவைத் திறந்து, இருந்து, வசதியாகச் சாய்வது போல மெதுவாக. ஒன்றரை அம்பியரில் வந்து நின்றது.

"இது எவ்வளவு தெரியுமா?" ஜவ்பரின் குரலில் இப்போது பகிடி இல்லை. "ஒரு போனைச் சார்ஜில போட்டா இழுக்கிற அளவு."

"நான் ஒரு போனும் போடேல்லை தம்பி."

அவர் சார்ஜர் குத்துகிற இடத்துக்குரிய பியூசைப் பிடுங்கினார்.

ஒன்றரை.

ரேடியோ. ஹோன். உள் லைற். ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

ஒன்றரை.

கடைசியாகப் பெரிய பியூசையும் எடுத்தார். என் கை நிறைந்துவிட்டது.

ஒன்றரை.

"இப்ப இந்த வாகனத்தில ஒரு வயருக்கும் கரண்ட் போக வழியில்ல ஐயா."

அப்படியென்றால் எங்கே போகிறது?

ஜவ்பர் மீற்றர் வயரை இன்னொரு தரம் இறுக்கிப் பார்த்தார்.

ர்ர்ர்…

இருவரும் நிமிர்ந்தோம்.

ர்ர்ர்… ர்ர்ர்…

காருக்குள்.

பின் கண்ணாடியில் புகார் படிந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் தடித்தது. உள்ளே, கீழே, இருக்கையின் இடுக்கில் ஒரு நீல வெளிச்சம்.

ஜவ்பர் வாய்க்குள் ஏதோ ஓதினார். பின் கதவைத் திறந்தார். இருக்கைக்கும் அதன் சாய்மானத்துக்கும் நடுவில் முழங்கை வரை கையை விட்டார். "ஸ்ஸ்" என்று கையை உதறினார். மறுபடி விட்டு இழுத்தார்.

ஒரு போன். கண்ணாடி வெடித்திருந்தது. ஓரமெல்லாம் கறுப்பு மணல்.

ஒரு வயரும் அதில் இல்லை.

சுட்டது. அடுப்பிலிருந்து எடுத்தது போலச் சுட்டது.

என் கைக்கு வந்ததும் வெளிச்சம் போனது.

அப்போது அந்த இருக்கை… இடப்பக்கம்… மெல்ல அமுங்கியது.

"கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கிறன்…"

மிகவும் மரியாதையான குரல். களைத்த குரல்.

"ஊட்டுக்கு ஒருக்கா சொல்லணும்…"

ஜவ்பர் என் தோளைப் பிடித்தார்.

வீட்டுக்குள்ளே புஷ்பவதி கத்தினாள்.

"இஞ்சாருங்கோ! பிள்ளைக்கு நோ கண்டிட்டு! வாகனத்தை எடுங்கோ!"

பியூஸ்களைத் திரும்பக் குத்தினோம். யாருடைய கை எதைக் குத்தியது என்று தெரியாது. பட்டரி வயரை ஜவ்பர் இறுக்கினார். நான் திறப்பைத் திருப்பினேன்.

டிக்…

டிக்…

அவ்வளவுதான். புஷ்பவதி லக்சனாவை அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒழுங்கையில் தண்ணீர். அவளுடைய முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

நான் முன் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னேன்.

"தம்பி… நீர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. உம்மட வீட்டுக்கு நான் சொல்லுறன். நானே போய்ச் சொல்லுறன். இண்டைக்கு மட்டும் என்ர பிள்ளைக்கு வழி விடும்."

மழைச் சத்தம்.

முன்னால் இருந்த லைற்றுகள் மெல்ல மெல்லத் தெளிந்தன. மங்கிக் கிடந்தவை. ஒரு திரியைத் தூண்டிவிட்டது போல.

திறப்பைத் திருப்பினேன். கார் எடுபட்டது.

நான் ஓட்டினேன். ஜவ்பர் எனக்குப் பக்கத்தில். பின்னால் புஷ்பவதியும் லக்சனாவும். ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்பாட்டினேன்.

அன்றிரவே பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாள் பகல் பார்க்கப் போனேன். லக்சனா பிள்ளையை அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, நேற்றுப் பின்னுக்கு எங்களோட இருந்த தம்பி ஆர்? ஜவ்பர் அண்ணை கூட்டிவந்த ஆளோ?"

நான் புஷ்பவதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"பாவம், முழுக்க நனைஞ்சிருந்தார். நான் சரியிறதுக்காகக் கதவோட ஒட்டி ஒதுங்கி இடம் விட்டவர்."

அவளுடைய பழைய சட்டை கட்டிலுக்குக் கீழே ஒரு பையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். இடது கையில், தோளடியில், கறுப்பு மணல்.

அங்கிருந்து நேரே இராகுலனின் வீட்டுக்குப் போனேன். அவர் விறாந்தையில் நின்றார். நான் அந்தப் போனை மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். கதிரையைப் பிடித்துக்கொண்டு அதில் இருந்தார்.

"எங்க கிடந்தது? நான் எவ்வளவு தேடினனான்…"

அந்த ஒரு சொல்லிலேயே எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

பிறகு சொன்னார். போன மார்கழியில் ஒரு மழை இரவு. புல்மோட்டையிலிருந்து வரும் வழி. சைக்கிளில் வந்த ஒரு தம்பியை அடித்துவிட்டார். ரோட்டில் வேறு யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிப் பின் இருக்கையில் ஏற்றினார். அந்தத் தம்பி, கொஞ்சம் சார்ஜ் போடலாமா, வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டாராம். இவர் சார்ஜரைக் கொடுத்தார். போனில் வெளிச்சம் வந்ததும் இவருக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டுக்குச் சொன்னால் எல்லாம் வெளியில் வருமே. வயரைப் பிடுங்கிவிட்டார்.

"நிலாவெளி தாண்ட முன்னமே மூச்சு நிண்டிட்டு அண்ணை. சத்தியமா. ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு. பிறகு திருப்பிக் கொண்டுபோய்ப் பற்றையடியில விட்டிட்டன். பேர் நிப்றாஸ் எண்டு பேப்பரில பாத்தனான்."

"விளக்கு?"

"அது பூட்டினாப் பிறகு சத்தம் நிண்டுது. பட்டரி மட்டும்தான்…"

"ஏன் எனக்குத் தந்தனீர்?"

அவர் தலை குனிந்தார்.

"நீங்க சாமி மனிசன் அண்ணை. உங்களோட இருந்தா அது அடங்கிப்போகும் எண்டு நினைச்சன்."

"என்ர பிள்ளை அந்த இருக்கையில இருப்பாள் எண்டு தெரியும்தானே?"

அவர் மேசையில் கிடந்த போனைக் கவிழ்த்து வைத்தார்.

பேயை நினைத்து நான் அழவில்லை. அங்கே நின்று அழுதேன். நான் கும்பிட்ட சாமியையும், என் வீட்டுத் திருநீற்றையும், என் பிள்ளையின் வயிற்றையும் ஒரு மனிதன் தன் பாவத்துக்கு மூடியாகப் போட்டுவைத்திருக்கிறான். நான் கொடுத்த அன்பையே அளந்து பார்த்து, அது எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். செத்த அந்தத் தம்பி ஒரு நிமிட வாக்கை நம்பி எனக்கு வழி விட்டார். உயிரோடிருந்த சிநேகிதன் அதைக்கூடச் செய்யவில்லை.

கோயிலுக்கு வரச் சொன்னேன். வந்தார். கற்பூரத்தில் கையடித்து, மறுநாள் காலை என்னோடு பொலிசுக்கு வருவதாகச் சத்தியம் செய்தார். மறுநாள் போனேன். வீடு பூட்டியிருந்தது. போன் வேலை செய்யவில்லை. இன்றுவரை அவர் எங்கே என்று தெரியாது. இப்போதும் 'அவர்' என்றே எழுதுகிறேன். கை பழகிவிட்டது.

நான் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொல்லி, போனையும் காரையும் ஒப்படைத்தேன். கார் இப்போது பொலிஸ் வளவில் நிற்கிறது.

ஆனால் கொடுத்த வாக்கு மிச்சம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜவ்பரின் மோட்டார் சைக்கிளில் புல்மோட்டைக்குப் போனோம். நல்ல வெயில். நிப்றாஸின் வீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. அவருடைய மனைவி ஸல்ஹா, இருபத்தைந்து வயது இருக்கும், சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஜவ்பர் சலாம் சொன்னார். நான் இரவெல்லாம் யோசித்து வைத்த சொற்களைத் தொடங்கினேன்.

"பிள்ளை, நான் திருகோணமலையில இருந்து வாறன். உங்கட அவரைப் பற்றி…"

அவளுடைய முகம் மாறியது.

"இன்னொருக்கா கதைங்க ஐயா."

"என்னம்மா?"

"கதைங்க. என்னத்தையாவது கதைங்க."

நான் சொன்னேன். இராகுலன் சொன்னதை அப்படியே சொன்னேன். நிலாவெளி தாண்ட முன்னமே உயிர் போய்விட்டதாம், வேதனை அதிகம் இருந்திருக்காது என்றும் சொன்னேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"அது பொய் ஐயா. விடிஞ்சு வெயில் ஏறினாப் பிறகுதான் உசிர் போய் மௌத்தாகியிரிக்கார் எண்டு டொக்டர் சொன்னார்."

எனக்கு விளங்கவில்லை. விடிந்த பிறகா? விடியும்போது அந்தக் கார் எங்கள் கோயில் வீதியில்…

"அண்டைக்கு விடிய விடிய நான் அவருக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தன். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒருக்கா ஆன்சர் பண்ணினார். பேச்சு வரல்ல. மூச்சு மட்டும் கேட்டிச்சு. தூரத்தில சங்கு ஊதுற சத்தம். பெரிய தட்டில அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு, கிட்டத்தில, ஒரு மனிசர் கதைச்சார். பேரொண்டு சொன்னார், அது எனக்கு விளங்கல்ல."

அவள் என் கண்ணைப் பார்த்தபடி, என் பேச்சைப் போலவே சொன்னாள்.

"உம்மட வாகனத்துக்குள்ள போன் அடிக்குதப்பா."

ஜவ்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு வருசமா இந்தக் குரலைத்தான் தேடிக்கொண்டிருந்தன். மற்றவர் சொன்னதும் கேட்டிச்சு. சாமி நேரத்தில போன் என்னத்துக்கு எண்டு."

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்குப் பிறகும் லைன் இருந்திச்சு ஐயா. மூச்சுக் கேட்டுக்கொண்டே இருந்திச்சு. நான் மகள்ட பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டன்."

இடுப்பிலிருந்த குழந்தை என் கையை எட்டிப் பிடித்தது.

"பிறகு, சார்ஜ் முடிஞ்சிட்டு."